பதினோரு நட்சத்திரமீனை வெட்டியவர்

என் வீட்டுக்காரர் சுருளிவேலுக்கு எந்த வேலையையும் வெரசாக முடித்தாக வேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருபது வருடம் அவர் செய்தது, ஏலச்செடித் தூரைப் பிளந்து நடுகிற வேலை. ஒரு தூர் இரண்டாகும், இரண்டும் பிழைத்துக்கொள்ளும். சிலமலைக் கிணறுகளில் குதித்து வளர்ந்ததால் நீச்சலில் மனுஷன் கெட்டிக்காரர். அதைப் பார்த்துத்தான் போடி ஏலக்காய்க் கடை ஜேசுதாஸின் மகள் ஷீலா, பவளப்பாறையைக் காக்கிற தன் குழுவுக்கு அவரை லட்சத்தீவு வரை கூட்டிப்போனாள்.

அங்கே உடம்பெல்லாம் முள்ளாக ஒரு நட்சத்திரமீன் இருக்கிறதாம். பவளத்தின் மேல் படுத்துத் தின்றுவிட்டு வெள்ளை ஓட்டை மட்டும் மிச்சம் வைக்குமாம். ஒவ்வொன்றுக்கும் வினிகர் ஊசி போட்டுக் கொல்ல வேண்டும். இவருக்குத்தான் பொறுமை கிடையாதே! பதினொன்றைக் கத்தியால் சரிபாதியாக வெட்டிப் போட்டுவிட்டு, படகில் ஏறிப் பெருமையடித்திருக்கிறார்.

"அய்யோ அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! ரெண்டு பாதியும் வளந்துருமே!" என்று ஷீலா தலையில் கைவைத்தாளாம்.

தூரை வெட்டியே வயிறு வளர்த்தவருக்கு இது தோன்றவில்லை பாருங்கள், கிறுக்கு மனுஷன்!

மறுவாரம் எங்கள் மகள் கற்பகத்துக்கு வளைகாப்பு. கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்போதுதான் போன் செய்தார்.

"நான் வரல ரோஜா. நான் வெட்டுனத நானே பெறக்கணும்."

"பெத்த மகள விட மீனு பெருசாப் போச்சாக்கும்? நல்லா இருங்க!" என்று போனை வைத்துவிட்டேன்.

வளைகாப்பு அன்று, வளையல் போட்ட கையோடு கற்பகம் அவரை வீடியோவில் கூப்பிட்டாள். முள் குத்தி அவருடைய வலது கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"இருபத்தொரு பாதி கெடச்சிருச்சு ஆத்தா. இன்னும் ஒண்ணு கெடக்கு."

"ஒத்தப் பாதிதானப்பா, விட்டுட்டு வாங்க," என்று அவள் அழுதாள்.

"அது வளந்தா, வருசத்துக்கு நம்ம வீட்டு ரூம் அளவு பவளத்தத் தின்னுரும்மா. என் கையால பண்ணுனது. எப்படி விட்டுட்டு வருவேன்?"

திட்டுவதற்கென்று ஒரு வாரமாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கையைப் பார்த்ததும் எங்கே போனதோ. போனைப் பிடுங்கினேன்.

"கைக்கு மருந்து போட்டீங்களா? புள்ளய நான் பாத்துக்கிறேன். நீங்க அந்த ஒண்ணையும் பெறக்கிட்டே வாங்க."