மட்காத வைக்கோல்

பால்மார் ஊரில் எவெலியோ மத்ரிகால் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கிளி என்றால்தான் தெரியும். இளவயதில் வாழைத் தோட்டக் கம்பெனியில் மருந்தடிக்கச் சேர்ந்தவன். இலையைக் கருக்கும் பூஞ்சணத்துக்கு செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, குழாயை வானம் பார்க்கப் பிடித்து அடிப்பார்கள். பாதி இலையில் நிற்கும். மீதி அடிக்கிறவன் தலையில் இறங்கும். முடி, நகம், எச்சில் எல்லாம் பச்சை. கல்யாணமான மறுநாள் படுக்கை விரிப்பே பச்சை படிந்து கிடந்தது. "மனுஷனைக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சேன், கிளியால்ல இருக்கு," என்று செனெய்தா சிரித்தாள்.

பல வருஷம் கழித்துக் கம்பெனி கடையைக் கட்டியது. நிலத்தைத் தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எவெலியோ வேறு இடம் கேட்டிருக்கலாம். தெரிந்த மண்ணாயிற்றே என்று, தான் மருந்தடித்த வரிசைகளையே ஆசையாகக் கேட்டு வாங்கினான்.

முதல் நெல் சாண் உயரத்தில் மஞ்சளித்து நின்றுவிட்டது. "கிளி வெதச்ச நெல்லு, கிளியே தின்னுருக்கும்," என்றான் பக்கத்து நிலத்து ருபெர்த்தோ. கடைவாசலில் எல்லோரும் சிரித்தார்கள். எவெலியோ பயிரை உரமாகட்டும் என்று மடக்கி உழுதான். மறு வருஷம் உழுதபோது அந்த வைக்கோல் போட்டது போட்டபடி மேலே வந்தது. குந்தி உட்கார்ந்து கிளறிப் பார்த்தான். ஒரு மண்புழு இல்லை. மழை பெய்த மண். அள்ளி முகர்ந்தால் வாசனையே இல்லை.

பல்கலைக்கழகத்துப் பெண் லிசெத் மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அத்தனை வருஷமா அடிச்ச செம்பு இங்கேயே நிக்குது, ஐயா. இலையில இருந்த பூஞ்சணத்தக் கொன்னது, மண்ணுக்குள்ள இருந்ததையும் கொன்னுடுச்சு. கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. மக்க வெக்கிறதே அதுங்கதான்."

"எப்பம்மா போகும்?"

அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தபடி நின்றாள். "நம்ம காலத்துல போகாது."

அதற்கும் அவன் அடங்கவில்லை. மலைக்காட்டுச் சரிவிலிருந்து கறுப்பு மண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்து, குழி வெட்டி நிரப்பிக் கொக்கோ நட்டான். செனெய்தாவும் சுமந்தாள். கன்றுகள் தளதளவென்று எழும்பின. வேர் குழியைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக வெளுத்தன. அவன் விடியுமுன் எழுந்து போய், வெளுத்த கன்றைச் சுற்றி வெறுங்கையால் மண்ணைத் தோண்டுவான். விரல் நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்தது.

"போதும் கிழவா. மகன் வீட்டுக்குப் போயிரலாம்."

"அடிச்சது நான், கிழவி."

"கூலிக்கு அடிச்ச. ஒனக்கென்ன தெரியும்?"

"கை என்னுதுதானே."

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கழுவிவிட்டாள்.

மகன் லாரி கொண்டுவந்த அன்று, கட்டிலைத் தூக்கிவிட ருபெர்த்தோ வந்தான். கேலி இல்லை. கயிற்றை இறுக்கியபடியே, "என் நெலமும் இதே கதைதான், கிளி. வெளிய சொல்லல," என்றான். எவெலியோ அவனைப் பார்த்தான்.

"போற எடத்துல ஏதாச்சும் வேலை இருந்தா எனக்கும் சொல்லி அனுப்பு."

"பாக்கறேன்," என்றான் எவெலியோ. தனக்கே அங்கே என்ன வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.