யூரல் காட்டுக்குத் திரும்பியவர்

தொண்ணூறுகளின் நடுவில், பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகத்தில் என்னோடு பாத்திரம் கழுவியவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய உருவம், கன்னங்களில் பனி சுட்ட கறுப்புத் தழும்புகள். புலமைப்பரிசிலில் சோவியத் நாட்டுக்குப் படிக்கப் போய், வட யூரல் மலைக்காட்டில் ஒரு மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு ருஷ்யப் பெண்ணைக் கலியாணமும் செய்தவர்; ஒரு பிள்ளையும் இருந்தது. ஆலையில் சம்பளம் நின்றபிறகு, உழைத்து அனுப்பலாமென்று தனியே இங்கு வந்திருந்தார்.

சற்று ஓய்வு கிடைத்தால் ஈரவிரலால் மேசையில் அந்த ஊரைக் கீறுவார். மலை, ஆறு, ஒற்றைத் தண்டவாளம். மற்றதெல்லாம் ஊசியிலைக் காடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தவர், வேலையைத் தொடாமல் நின்றார்.

"என்ன அண்ணை?" என்றேன்.

"மில்லைப் பூட்டிட்டாங்களாம். அங்க வயல் இல்லை, தோட்டம் இல்லை. வருசத்தில முக்கால்வாசி பனி. மரம்தான் சோறு. இனிப் பள்ளிக்கூடம் பூட்டும், பிறகு ரெயிலும் நிக்கும்."

"அக்காவையும் பிள்ளையையும் இங்க கூப்பிடுங்கோவன்."

"எனக்கே இங்க விசா இல்லை. நான் போறன்."

"போனா திரும்பி வர ஏலாது அண்ணை."

"ஓம், தெரியும். ரெயில் நிக்கிறதுக்கு முதல் போகவேணும்."

அடுத்த கிழமையே போய்விட்டார். குடும்பத்தோடு வெளியே வந்தாரா, அந்தப் பனிக்குள்ளேயே இருந்துவிட்டாரா, ஒரு தகவலும் இல்லை. நாங்களெல்லாம் இங்கே தங்குவதற்காக அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவருக்குப் பைத்தியம் என்று சமையலறையில் பேசிக்கொண்டார்கள். என் மனைவியும் அப்போது யாழ்ப்பாணத்தில்தான் இருந்தாள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.