இணுவிலிலிருந்து நெல்லியடிக்கு: சூடேறிய சில்லும் மூவாயிரம் புகையிலைக் கன்றும்

“சேர், சில்லு தானே உருளுது. பிறகேன் அதுக்குள்ளை வேறை உருளையள்?” என்று வகுப்பில் ஒரு மாணவி முன்பு கேட்டாள். தடித்த அகராதி ஒன்றை மேசைமேல் தள்ளச் சொன்னேன். பிறகு அதன் கீழே ஐந்தாறு கண்ணாடிப் போளைகளைப் போட்டுத் தள்ளச் சொன்னேன். விரல் நுனியாலேயே அகராதி ஓடியது. வீதியில் வண்டிச் சில்லு உருள்கிறது, உண்மைதான். ஆனால் நடுவே அச்சின்மேல் அது உரசியல்லவா சுற்ற வேண்டும்? அந்த உரசலையும் உருளலாக்குவதுதான் பெயரிங். பாடம் நன்றாகத்தான் நடந்தது. வீதியில் அதை நான் படித்தது பிற்பாடு.

எழுபதுகளின் நடுப்பகுதி, மார்கழி மாதம். நெல்லியடியில் இருந்த என் தங்கையின் கணவர் செல்லத்துரையின் புகையிலை நாற்றுமேடை மழையில் அழுகிப்போனது. தோட்டம் கொத்திப் பண்படுத்தி ஆயத்தமாக இருந்தது. நடக் கன்று இல்லை. இணுவிலில் ஒருவர் மூவாயிரம் கன்று தரச் சம்மதித்தார். காலையில் பிடுங்கிய கன்றை அன்று பொழுதுபடுமுன் நட்டுவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வாடி விழும், செல்லத்துரைக்கு அந்தப் போகமும் போய்விடும்.

என்னிடம் பழைய கார் இருந்தது. ட்ரெயிலர் அரியாலை இராசுவினுடையது. அவர் களப்புக் கடலில் மீன் பிடிப்பவர், என் நண்பர். வியாழன் மாலை நான் எடுக்கப் போனபோது, சாவகச்சேரியிலிருந்து மீன்பெட்டிகளோடு அது அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை, சைவ வீட்டுச் சாமான் ஏத்தப் போறியள் மாஸ்ரர். மச்ச வாடையோடை தருவனே?” என்று சொல்லி, வந்த சூட்டோடு அதைக் களப்புக்குள் தள்ளினார். அச்சு மூழ்கும் ஆழம். தும்பும் சாம்பலும் கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் கரையில் நின்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பன்னிரண்டேகாலுக்கு இணுவிலில் புறப்பட்டோம். அடியில் ஆறு மூட்டை ஆட்டெரு, மேலே ஈரச்சாக்கு போர்த்திய பனையோலைக் கடகங்களில் கன்று. காரில் நான், இராசு, பின்னால் செல்லத்துரை. நெல்லியடிக்கு ஏறத்தாழப் பதினாறு மைல். ட்ரெயிலர் இழுத்தால் அரைக் கலனுக்கு மேல் பெற்றோல் போகும். கோப்பாய் சந்தியில் பருத்தித்துறை வீதியைப் பிடித்து, நீர்வேலி, புத்தூர் கடந்தோம். செல்லத்துரை ஒவ்வொரு மைலுக்கும் திரும்பிக் கடகங்களைப் பார்த்தார்.

“கழுத்துச் சுளுக்கப் போகுது. கன்று இறங்கி ஓடாது,” என்றார் இராசு.

“உங்கடை மீனெண்டால் செத்தாலும் விக்கலாம். இது அப்பிடியே?”

ஆவரங்கால் கடந்ததும் பின்னால் குருவி கத்துவதுபோல ஒரு சத்தம். சிறிது தூரத்தில் அது அம்மியில் மிளகு அரைபடுவதுபோல மாறியது. ஒரு பூவரசின் கீழே நிறுத்தினேன். மணி பன்னிரண்டே முக்கால். இடது சில்லின் நடுவில் உள்ள குடம் இளஞ்சூடு. வலதில் கை வைக்க முடியவில்லை.

செல்லத்துரை கன்றுக்குத் தெளிக்கக் கொண்டுவந்த தண்ணீரைச் செம்பில் அள்ளிவிட்டார். வண்டில் குடம் சுட்டால் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம்.

“ஊத்தாதையுங்கோ மச்சான். சூடான பேணியைத் தண்ணித் தட்டத்திலை கவிட்டால் என்ன நடக்கும்? உள்ளுக்குள்ளை இருக்கிற காத்துக் குளிர்ந்து சுருங்கும், தண்ணியை உறிஞ்சும். இந்தக் குடமும் அப்பிடித்தான்,” என்று தடுத்தேன்.

இராசுவின் முகம் மாறியது. “அப்ப நேற்று நான் களப்புக்கை விட்டது?”

“அதுதான். உப்புத்தண்ணி உள்ளுக்கை போயிட்டுது.”

“கழுவித் தாறன் எண்டு கவிட்டுப் போட்டியளே,” என்றார் செல்லத்துரை.

“பக்கத்திலை நிண்டு பார்த்தவன் நான். என்னையும் சேர்த்துப் பேசுங்கோ,” என்றேன்.

அப்படியே ஓட்டிப்போகலாம் என்றார் செல்லத்துரை. முன்னால் வல்லை வெளி. நிழலும் இல்லை, வீடும் இல்லை. அங்கே பெயரிங் இறுகிச் சில்லு கழன்றால் கன்று வெயிலில் கிடக்கும். இறக்குமதித் தடை இருந்த அந்த நாளில் புதுப் பெயரிங் கடையிலும் கிடையாது. நான் மறுத்துவிட்டேன். கடகங்களை நிழலில் இறக்கினோம். காரிலிருந்த ஜக்கையும் கிறீஸ் பேணியையும் எடுத்து, வலது சில்லை உயர்த்தினேன். மண்ணெண்ணெய் கேட்டு இராசு பக்கத்து வீட்டுக்குப் போனார். போத்தலோடு அந்த வீட்டு அம்மாவும் வந்தார்.

“காசு வேண்டாம். அந்தக் கிறீசிலை கொஞ்சம் தாங்கோ. எங்கடை கிணத்துக் கப்பி ஊரெழுப்புது.”

சூடு தானாக ஆற இருபது நிமிடம் விட்டோம். மூடியைத் தட்டிக் கழற்றினால், உள்ளே கிறீஸ் தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்திருந்தது. பெயரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உருளைகளை ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தேன். குழி விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். இருந்தது கபிலக் கறை மட்டும். துணியால் தேய்க்கப் போய்விட்டது.

உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பெயரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்த வேண்டும். இடியப்ப உரலில் மா வருவதுபோல மறுபக்கத்தால் கிறீஸ் வரும்வரை, சுற்றிச் சுற்றி. மேலே பூசினால் போதாது. பிறகு அச்சு முனையின் நட்டு. “நல்லா இறுக்குங்கோ,” என்றார் செல்லத்துரை. சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, அது கழலாமல் பூட்டுப் பின்னைக் கொளுவினேன். அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் சூடேறும்.

அப்போது இரண்டு மணி. “இனி ஏத்துவம்,” என்றார் செல்லத்துரை.

“மற்றச் சில்லும் அதே தண்ணியைத்தான் குடிச்சது மச்சான்.”

“பொழுது போகுது. நடுறதுக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்.” எனக்கும் ஏற்றிவிடலாமோ என்றிருந்தது. ஆனாலும் ஜக்கை இடப்பக்கம் வைத்தேன். இராசு மண்ணெண்ணெயை எடுத்துவந்தார். திறந்தால் அங்கும் மோர். செல்லத்துரை எட்டிப் பார்த்தார். பிறகு துணியைக் கேட்டு வாங்கித் தானே உருளைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டு, வல்லை வெளியின் நடுவில் ஒருமுறை நிறுத்திக் குடங்களைத் தொட்டுப் பார்த்து, மூன்றே முக்காலுக்கு நெல்லியடி சேர்ந்தோம். நால்வர் காத்திருந்தார்கள். அது போதாதென்று நாங்கள் மூவரும் இறங்கினோம். இராசு நட்ட வரி வளைந்து வளைந்து போனது.

“என்னப்பா, வலை வளைக்கிறியளோ?” என்றார் செல்லத்துரை.

“உங்கடை கன்று நேராய் நிண்டால் போதும். வரி வளைஞ்சால் புகை வராதோ?”

கடைசிக் கன்றுக்கு மண் அணைத்தபோது ஆள்முகம் தெரியும் வெளிச்சம் இருந்தது. எட்டாம் நாள் தங்கையின் கடிதம் வந்தது. வாடியவை நாற்பதுக்குள்தான், மற்றவை நிமிர்ந்துவிட்டன என்று எழுதியிருந்தாள்.

ட்ரெயிலரோடு போகிறவர்களுக்கு என் அனுபவம் இது: ஓடிவந்த சூட்டில் சில்லைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஆறியபின் கழுவினாலும் குடத்தை நனைக்க வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டுவிட்டால் அடுத்த பயணத்துக்கு முன் இரண்டு சில்லையும் கழற்றிப் புதுக் கிறீஸ் போடுங்கள். ஒன்று நன்றாக இருக்கிறதே என்று மற்றதை நம்பாதீர்கள்.

இப்போது எழுந்துபோய், உங்கள் ட்ரெயிலரின் ஒரு சில்லை ஜக்கில் உயர்த்தி, கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை, குருவி கத்துகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.