கதவுக்கு முட்டுக் கொடுத்த மடத்துக் கல்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போக விடாமல் என்னை மறித்துவிட்டார்கள். எழுதத் தொடங்கினால் நடுவில் வேறு ஏதாவது ஞாபகம் வந்து, சொல்ல வந்தது நழுவிப் போகும். எது முன்னுக்கு நடந்தது, எது பின்னுக்கு என்பதிலும் இப்போது தடுமாற்றம். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் மகளோடு ஓக்லாந்துக்கு வந்தேன். அங்கே ரானுயி என்ற இடத்தில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். மகளும் மருமகனும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போனால் பின்னேரம் வரை நான் தனிதான். ஆட்களைக் கண்டால் உள்ளே போய்விடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இங்கிலீசும் தெரியாது என்றான பிறகு கேட்கவே வேண்டாம். டெலிபோன் அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியே இருந்தார். இங்கிலாந்திலிருந்து புருஷனோடு கப்பலில் வந்தவர். புருஷன் இறந்துவிட்டார், மகள் அவுஸ்திரேலியாவில். எங்களைச் சேர்த்து வைத்தது மழைதான். ரானுயியில் மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு நாள் நான் அடுப்படியில் நின்ற நேரம் அவர் வேலிப் படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்து, எங்கள் கொடியில் காய்ந்த உடுப்பையெல்லாம் எடுத்துத் தந்தார். என் சேலையை எப்படி மடிப்பது என்று தெரியாமல் கயிறு மாதிரிச் சுற்றி வைத்திருந்தார். அடுத்த மழைக்கு அவருடைய உடுப்பை நான் எடுத்தேன். பிறகு அவர் பீஜோவாப் பழம் தருவதும் நான் வடை கொடுப்பதுமாகப் போனது. கதை பேச்சு ஒன்றும் இல்லை. அவர் சொல்லுவார், நான் தலையாட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை என்னையும் மகளையும் தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டார். பின்கதவு காற்றுக்கு அடித்துச் சாத்தாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு நுழைய வழி போதாமல் காலால் அதைக் கொஞ்சம் தள்ளினேன். தள்ளியபோதுதான் பார்த்தேன், செங்கல் அளவான அந்தக் கல்லின் ஒரு பக்கத்தில் இலை ஒன்று செதுக்கியிருந்தது. நல்ல கைவேலை. மற்றப் பக்கம் கரடுமுரடு, சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

“கேள் பிள்ளை, இது என்ன கல்லெண்டு.”

மகள் கேட்டாள். அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

“அவவின்ர ஊரில இடிஞ்சுபோன பழைய மடம் ஒண்டு இருக்காம், அம்மா. கலியாணத்துக்கு முன்னம் ரெண்டு பேரும் சைக்கிள்ள அங்க போறவையாம். புருஷன் அங்க கிடந்த இந்தக் கல்லைக் கோட்டுப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு வந்து குடுத்தவராம். பொக்கற் கிழிஞ்சு போச்சாம்.” மகளும் சிரித்தாள். “இஞ்ச மாப்பிள்ளைதான் சீதனம் குடுத்திருக்கிறார்.”

மடம் என்றதும் எனக்குப் பதறிவிட்டது. காலால் தள்ளிய கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அறைக்குள் போய் ஒரு பழைய படம் கொண்டுவந்து காட்டினார். ஒரேயொரு சுவர் நிற்கிறது. யன்னல் இருந்த இடம் பெரிய ஓட்டையாக, அதற்குள்ளால் வானம் தெரிகிறது. கும்பிடுகிற இடமாக இருந்த தரையில் ஆடு மேய்கிறது. பின்னால் ஒரு ஆறு.

“ஆர் இடிச்சது?”

“அவையின்ர ராசாவாம்.”

எங்கள் கோயிலைப் பறங்கியர் இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வேறு நாட்டான் வந்து இடிப்பான், அது தெரியும்.

“சொந்த ராசாவோ?”

“ஓம், சொந்த ராசாதான். நானூற்றைம்பது வருசத்துக்கு முந்தி. துறவியளை வெளியில விட்டிட்டு, கூரையில கிடந்த ஈயத்தை உருக்கி எடுத்தவையாம். மிச்சக் கல்லை ஊராக்கள் கொண்டுபோய் வீடு கட்டினவையாம். அவ பிறந்த வீட்டுப் பண்டிக்கூட்டுச் சுவரில ஒரு தேவதூதன்ர கல்லுத் தலை இருந்ததாம். பண்டி அதில முதுகு தேய்க்குமாம்.”

அந்த அம்மா பன்றி மாதிரித் தோளைக் கதவில் தேய்த்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளும் திறக்காத வாயைத் திறந்தேன். எங்கள் கோயிலில் சண்டேசுரர் முன்னால் கையை மெல்லத் தட்டி, சுவாமியின் பொருள் ஒன்றும் கொண்டுபோகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் வெளியே வருவோம் என்று சொல்லச் சொன்னேன். மகள் சொன்னாள். அந்த அம்மா விளையாட்டாகக் கல்லுக்கு முன்னால் நின்று கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

“இதையும் சொல்லு பிள்ளை. அப்பிடிச் சாமி பொருள் எடுத்த வீட்டில பிள்ளையள் தங்காது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம்.”

“சும்மா இருங்கோ அம்மா. என்னெண்டு இதைச் சொல்லுறது?”

“சொல்லு. அவவின்ர நன்மைக்குத்தானே.”

சிரித்துச் சிரித்துத்தான் மகள் அதைச் சொன்னாள். அந்த அம்மா கேத்திலை அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதித்துச் சத்தம் போட்ட பிறகும் எடுக்கவில்லை. அப்புறம் அலுமாரி மேலிருந்த ஒரு பையனின் படத்தைக் காட்டி இரண்டு வசனம் சொன்னார். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேரன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. “அது அவவின்ர மகனாம். இஞ்ச வந்து ரெண்டாம் வருசம் காய்ச்சலில செத்துப் போச்சுதாம். ஏழு வயசாம்.”

அன்றிரவே, சின்னப் பிள்ளைகளை வெருட்டச் சொல்லுகிற கதை அது என்று சொல்லும்படி மகளைத் திரும்ப அனுப்பினேன். மறுநாள் நானும் வேலியடிக்குப் போய் ‘சொறி, சொறி’ என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் பின்கதவுக்கு ஒரு பெயின்ற் வாளி முட்டுக் கொடுத்திருந்தது. கல், துவாயில் சுற்றி, கதிரையில் இருந்தது. ஒரு ஆளை இருத்தி வைத்த மாதிரி. சொன்ன சொல்லை எந்தப் படலையால் போய்த் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவது?

சில கிழமை கழித்து அவர் அந்தக் கல்லையும் ஒரு தாளையும் வேலிக்கு மேலால் என்னிடம் தந்தார். அவருக்கு இடுப்பு நோ, பஸ் ஏற முடியாது. என் மகளின் வேலை ஹென்டர்சனில், போஸ்ட் ஒபிசுக்குப் பக்கத்தில். கல்லை அதன் இடத்துக்கே அனுப்ப வேண்டும், விலாசம் தாளில் இருக்கிறது, மகன் சும்மா கிடக்கட்டும் என்று அவர் சொன்னதாக மகள் சொன்னாள். அந்தக் கடைசிச் சொல் எனக்குச் சரியாக விளங்கவில்லை. மகனின் ஆத்துமா ஆறட்டும் என்பதாக இருக்கலாம்.

“வாற கிழமை அனுப்புவம் அம்மா,” என்றாள் மகள். அந்தக் கிழமை அவளுக்கு ஓவர்டைம். அடுத்த கிழமை பேரப்பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்பளம். நான் தாள் பறந்து போகாமல் இருக்க அதைக் கல்லுக்குக் கீழே வைத்து, உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு மூலையில், கால் படாத இடத்தில் வைத்திருந்தேன். ஒரு நாள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று அறை முழுக்க வெள்ளம். ஓடிப் போய் முதலில் கல்லைத்தான் தூக்கித் துடைத்தேன். தாளைப் பிறகு பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை. நீலச் சாயம் மட்டும்.

அன்று பின்னேரமே போய்க் கேட்டிருக்கலாம். வெட்கம். நாளைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவர் குளிக்கிற அறையில் விழுந்து, அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. பிறகு அவர் வீட்டுக்கு வரவேயில்லை. ஹென்டர்சனில் வயதானவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இடத்தில் விட்டார்கள். அவுஸ்திரேலியா மகள் வந்து இரண்டு நாளில் வீட்டை ஒதுக்கிக் காலியாக்கினாள். கல் எந்த மடத்தது என்று எங்கள் மகள் கேட்டதற்கு, “அம்மாவுக்கு அந்தக் கல்லோட ஒரு விசர், பைத்தியம், எறிஞ்சு விடுங்கோ” என்ற மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் பார்க்கப் போனபோது மகள் பேனையும் கையுமாக இருந்து மடத்தின் பெயரைக் கேட்டாள். அவர் ஒரு பெயர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதில் ஒன்று அவர் படித்த பள்ளிக்கூடம் என்று பிறகு தெரிந்தது. லைப்ரரியில் அப்படியான மடங்களின் படப்புத்தகம் ஒன்று இருந்தது. மகள் என் முன்னால் விரித்து வைத்தாள். “இது பெரிய மடம், அம்மா. இது சின்னது. இது பிச்சை எடுத்துச் சாப்பிட்ட சாமிமாரின்ர மடம். நீங்கள்தானே அந்தப் படத்தை வடிவாப் பாத்தனீங்கள், எது?” பக்கம் பக்கமாக ஒற்றைச் சுவர், ஓட்டை யன்னல், புல். ஒரு ராசா இவ்வளவையுமா இடித்தான்? ஒன்றில் விரலை வைத்தேன். அடுத்த பக்கத்தைப் பார்த்ததும் அதுதான் என்று பட்டது. பிறகு எல்லாமே அதுதான். மகள் புத்தகத்தை மூடினாள்.

கடைசியாகப் போன அன்று அவர் நன்றாக மெலிந்திருந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்து ஏதோ கேட்டார்.

“கல்லு அங்க போய்ச் சேந்திட்டுதோ எண்டு கேக்கிறா,” என்றாள் மகள். “நான் என்ன சொல்ல?”

அவள் சொல்லுமுன் நான் “எஸ்” என்றேன்.

அவர் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்தார். மெல்ல ஒரு தரம் தட்டினார். சத்தம் வரவில்லை. பிறகு உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார், ஒன்றும் இல்லை என்று. நான் என் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அந்த மாதமே அவர் போய்விட்டார்.

கல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாமிப் படத்தட்டில் வைக்கப் பயம், அது வேறு சாமியுடையது. எறியவும் பயம். எலுமிச்சை மரத்தடியில் ஒரு தட்டுக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருக்கிறேன். மழைக்கு நனைந்தால் துடைப்பேன். எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அந்தக் கல்லைத்தான் போய்ப் பார்க்கிறேன். யாரிடம் இதைச் சொல்லுவது?

இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் எது பிழை, எது சரி என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஆற்றங்கரையில், ஒரேயொரு சுவர் மிஞ்சி நிற்கிற மடம். சின்ன மடமா, பிச்சை எடுத்தவர்களின் மடமா என்று தெரியாது. சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு ஊர் இருக்க வேண்டும். இந்தக் கல்லில் இருக்கிற இலைக்கு ஐந்து மடல். இடப்பக்க மடலின் நுனி உடைந்திருக்கிறது. அந்த நுனி அங்கே சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கக்கூடும். போனால் அதையும் ஒரு தரம் பாருங்கள்.