திருக்கைத் தோல் போட்ட துப்பாக்கி

சினிமாத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எங்கள் குப்பத்தில் மூன்றே பேர். அப்பா, மாமா, அப்புறம் நான். இதைச் சொல்லிச் சொல்லியே ஐந்தாம் வகுப்பு முழுவதையும் ஓட்டினேன். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டாலும் நான் நிறுத்தியதில்லை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மெட்ராசில் ஒரு சினிமாக் கம்பெனியில் இருந்தார். படத்தில் வருகிற கத்தி, துப்பாக்கி, பெட்டி, விளக்கு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக் கேட்கிறபோது எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் சனத்தில் வலை இழுக்காமல் பிழைத்த முதல் ஆள் அவர்தான். தம்பி பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு அடுப்பில் குழம்பு தீய்கிறதுகூடத் தெரியாது.

அந்த வருஷங்களில் குதிரை, தொப்பி, பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி என்று வெள்ளைக்காரன் ஊர்க் கதை மாதிரிப் படங்கள் வந்துகொண்டிருந்தன. மாமாவின் கம்பெனியும் அப்படி ஒன்றை எடுக்க எங்கள் தோப்பிலேயே வந்து இறங்கியது. பள்ளிக்கூடமாவது ஒன்றாவது! இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாமா வீட்டுக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தோளில் இருந்த துண்டை இறக்கிப் பிரித்தார். உள்ளே துப்பாக்கி. கதாநாயகர் குதிரையிலிருந்து இறங்கும்போது அதைப் பாறைமேல் நழுவவிட்டுவிட்டார், பிடி நொறுங்கிப்போயிற்று. மறுநாள் மதியம் அவரும் வில்லனும் நேருக்கு நேர் நின்று சுடப்போகிறார்கள். கேமரா கிட்டத்தில் காட்டப்போவதே அந்தத் துப்பாக்கியைத்தான். அதற்குள் புதுப் பிடி போடாவிட்டால் தன் வேலை போய்விடும் என்று மாமா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மெட்ராசுக்குப் போய் வாங்கிவரலாம் என்றால், தோப்பைவிட்டு நகரக்கூடாது என்று மானேஜர் உத்தரவாம்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறினால்தானே? துப்பாக்கியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. குழாய் அடைத்தது, தோட்டா போகாது, தீபாவளிக் கேப் வைத்தால் வெடிக்கும், அவ்வளவுதான். ஆனால் இரும்பு நிஜ இரும்பு. ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டுத்தான் விசையை அழுத்த வேண்டும். இழுக்காமல் எத்தனை தடவை அழுத்தினாலும் அது வாயைத் திறக்காது. இழுக்கிற இழுப்பில் பிடி உள்ளங்கைக்குள் திரும்பிவிட்டால் குழாய் வானத்தைப் பார்க்கும். அந்தப் பிடி வேறொன்றுமில்லை, இரண்டு பக்கமும் இரண்டு துண்டு வைத்து நடுவில் ஒரே திருகாணி.

புதுப் பிடியை எதில் செய்வது என்று பார்க்க அப்பாதான் துப்பாக்கியை முதலில் வாங்கினார். அவர் கைக்குள் அது இருக்கிற இடமே தெரியவில்லை. மாமா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“உன் கை காச்சுப்போன கை மச்சான், எத்த வச்சாலும் ஒண்ணுதான். நடிக்கிறவுரு கை பஞ்சு மாரி கீது. நம்ம வூட்ல அப்டி ஒரு கை இவளுக்குத்தான் கீது” என்று என்னைக் காட்டினார். “நீயே பாத்துச் சொல்லுடி. நல்லதா எடுத்துக் குடுத்தீன்னா உன்ன ஒருவாட்டி சுட வுடறேன்.”

சுட விடுகிறாராம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதலில் சிப்பி. மாமல்லபுரத்துக் கடைகளுக்குச் சிப்பியில் கண்ணாடிச் சட்டம் செய்து கொடுக்கிறவர் அடுத்த தெருவில் இருந்தார். அவரிடம் தேய்த்து வாங்கி வந்தோம். அடடா, என்ன பளபளப்பு! ஆனால் நான் சுத்தியலை இழுத்ததும் வேர்த்த கைக்குள் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினோம், பட்டென்று விரிசல் விட்டது.

அடுத்தது அப்பாவின் உடைந்த துடுப்பில் செதுக்கிய கட்டை. இதைக் குறை சொல்ல முடியாது, கைக்குள் அடங்கிச் சொன்னபடி நின்றது. ஆனால் பார்ப்பதற்கு எப்படி இருந்தது? மீன் அறுக்கிற கத்தி மாதிரி இருந்தது. கதாநாயகர் இடுப்பில் மீன் கத்தியா? நான் முடியவே முடியாது என்றேன்.

மூன்றாவதுதான் என் மூளையில் உதித்தது. எங்கள் பக்கத்தில் ஈரக் கைக்கு வழுக்காமல் இருக்கக் கத்திப் பிடியில் திருக்கை மீனின் தோலை ஒட்டுவார்கள். மணல் ஒட்டினாற்போல் சொரசொரவென்று இருக்கும். நடுவில் ஒரு வரிசை முத்து பதித்த மாதிரி வெள்ளையாக மின்னும். அப்பா உப்பு தடவிக் கூரைமேல் ஒரு தோலைக் காயப்போட்டிருந்தார். அதை இழுத்துக்கொண்டு வந்தேன். அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் காயவேண்டிய தோல் மூன்று நாள்தான் காய்ந்திருக்கிறது, துடுப்புக் கட்டையே போதும் என்றார். நான் விடுவேனா? அழுது, புரண்டு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். மாமா தோலை மோந்து பார்த்தார். அம்மா மோந்தாள். அப்பாவும் மோந்தார். ஒரு வாசனையும் இல்லை என்று மூன்று பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

துடுப்புக் கட்டைமேலேயே தோலை வஜ்ரப் பசை போட்டு ஒட்டினோம். பிடித்துப் பார்த்தேன். சுத்தியலை இழுத்தேன், இம்மி அசையவில்லை. மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

மறுநாள் மதியம் குப்பமே கயிற்றுக்குப் பின்னால் நின்றது. மானேஜர் துப்பாக்கியைத் தூர வைத்துப் பார்த்து, பிரமாதம் என்றார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. உச்சி வெயில். வில்லன் ஒரு பக்கம், கதாநாயகர் ஒரு பக்கம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். அப்போது எங்கள் தெரு நாய் ஒன்று கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்க் கதாநாயகர் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது. விரட்டினார்கள். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை மூன்று நாய்கள். காக்கைகளும் வந்து தாழப் பறந்தன. குப்பம் சிரித்த சிரிப்பில் கடல் சத்தம் கேட்கவில்லை. நல்ல துப்பாக்கியை நாய்க்குக்கூடத் தெரிகிறது என்று நான் கை தட்டினேன்.

கதாநாயகர் தன் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். மனிதர் சுத்த சைவமாம். துப்பாக்கியை வீசிவிட்டு ஓடிப்போய் மணலில் வாந்தி எடுத்தார். அப்புறம் யார் சொல்லியும் அதைத் தொடவில்லை. வெயில் இறங்கிவிட்டது, காட்சி எடுக்கவில்லை.

மானேஜர் துப்பாக்கியை ஒரு காகிதத்தால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, இது யார் யோசனை என்று கேட்டார். நான் கையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டப்போனேன். மாமா குறுக்கே வந்து என்னைத் தனக்குப் பின்னால் தள்ளினார்.

“நான்தாங்க. எல்லாம் நான்தான்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடப் பாவி மாமா, யோசனை என்னுடையது, பெயர் உனக்கா? அவர் காலிலேயே ஒரு மிதி மிதித்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மானேஜர் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார், மாமா தலையாட்டிக்கொண்டே நின்றார். இன்னும் கோபம் தீராமல் நான் ஒரு சவுக்கு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாமான்களை வேறு ஆளிடம் ஒப்படைக்கப் போகிற வழியில் மாமா என்னைத் தேடி வந்தார். துப்பாக்கியில் கேப் வைத்து என் கையில் கொடுத்தார். கட்டைவிரலால் இழுத்தேன், கடலைப் பார்த்துச் சுட்டேன். டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான், அவர்மேல் இருந்த கோபமெல்லாம் பறந்துபோயிற்று. இன்னொருவாட்டி என்று கேட்டேன். முடியாது என்று தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

கம்பெனி மெட்ராசுக்குத் திரும்பியது, மாமா திரும்பவில்லை. தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எப்போதும் இரண்டு நாளில் போய்விடுகிறவர். இந்தத் தடவை எப்போது போவாய் என்று கேட்டேன். இனிமேல் போகமாட்டேன், அப்பாவோடு கடலுக்குத்தான் போகப்போகிறேன் என்றார். இதைவிட என்ன வேண்டும்? சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் தம்பி லீவில் வந்திருக்கிறான், அடுத்த வாரம் போய்விடுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், அம்மாவுக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அன்று சாயங்காலம் நானே தெருவில் இறங்கி, எங்கள் மாமா இனிமேல் சினிமாக் கம்பெனிக்குப் போகவே மாட்டார் என்று ஒரு வீடு விடாமல் கத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.