குழாயை இறக்கிய மாரி

மழை பெய்யும் மாதங்களில் வாகனத்தைக் கழுவத் தேவையில்லை என்று எங்கள் கரையில் பலர் நம்புகிறார்கள். கற்பிட்டி வீதியோரத்தில் வாகனம் கழுவும் இடமொன்றைத் தொடங்கிய முதல் மாரியில், என் மனைவி போராட வேண்டியிருந்தது இந்த நம்பிக்கையோடுதான். மழை கூரையையும் கண்ணாடியையும் கழுவும், அடிப்பாகத்தைக் கழுவாது. படகுத்துறை மணலில் இறங்கி ஏறும் வேனின் அடியில் உப்பு ஒட்டியிருக்கும். வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும் அந்த உப்பு, மாரியின் ஈரம் பட்டதும் இரும்பைத் தின்னத் தொடங்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பித்த நான், இதைத் தாளில் சமன்பாடு எழுதி அவளுக்கு விளக்கினேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு வேன்காரர்களிடம் தன் போக்கில் சொன்னாள்: “மேலுக்குக் குளிச்சிட்டு, கால் கழுவாமப் பாயில ஏறுற மாதிரித் தம்பி, மழைய நம்புறது.”

நிலம் அவளுடையது, கிணறும் அவளுடையது. எங்கள் குடாநாட்டில் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். மேலே நல்ல தண்ணீர். ஆழம் போகப் போக உவர். ஆகவே ஒவ்வொரு நாளும் மோட்டாரைப் போடுவதற்கு முன், அவள் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, நாக்கில் சற்று நேரம் வைத்திருந்து பார்ப்பாள். தலையசைத்தால் வேலை தொடங்கும். முகம் சுளித்தால் அன்று மோட்டார் ஓடாது. வந்த வேன்கள் திரும்பிப் போகும்.

“பாடசாலையிலிருந்து சில்வர் நைத்திரேற்று கொண்டுவரட்டுமா? ஒரு துளி விட்டால் போதும், உப்பு இருந்தால் கலங்கிக் காட்டும்” என்று ஒருநாள் கேட்டேன்.

“அத உங்கட புள்ளையளுக்குக் காட்டுங்க. எனக்கு அல்லாஹ் நாக்குத் தந்திரிக்கான்.”

சென்ற ஆண்டு, கச்சான் காற்று வீசிய நாட்களில் அவள் மௌத்தானாள். நோயைப் பற்றி எழுத அதிகமில்லை, அது நீண்டிருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, அவளிடம் பல ஆண்டுகள் வேலை செய்தவர் வந்து, திறப்பதா விடுவதா என்று கேட்டார். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, புத்தளத்து முகாமில் வளர்ந்தவர். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். திறப்போம் என்றேன். கழுவும் இடத்துக் கூடாரத்தின் கீழே அவளுடைய கதிரை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஆண்டு மாரி சரியாகப் பெய்யவில்லை. வானம் மூடியிருந்தது, வாடை குளிர்ந்து வீசியது, தூறல் மணலை நனைத்ததோடு நின்றுவிட்டது. ஆனால் டொல்பின் பார்க்க வருபவர்களுக்கு அதுதான் காலம். விடியும்போது ஆட்களைத் துறையில் இறக்கிவிட்டு, வேன்கள் வரிசையாக எங்களிடம் வரும். இரண்டு சிமெந்து மேடைகளின் மேல் வேனை ஏற்றி, அடியில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்து, காயவிட்டு, மூட்டுகளிலும் அடிச்சட்டத்திலும் தூரிகையால் ஒயில் பூசிவிடுவோம். ஒயில் படிந்த இடத்தில் உப்புக்காற்று இலகுவில் தொற்றாது. மாரிக்கு இதைவிட மேலான காவல் எங்களிடம் இல்லை.

கிணறு வற்றத் தொடங்கியது. ஒரு காலை மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்து இருமியது. வெளியே ஐந்து வேன்கள் நின்றன.

“குழாயை இன்னும் மூன்றடி இறக்குங்கள்” என்றேன்.

வேலை செய்பவர் குழாய் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நின்றார். “ராத்தா இதுக்கு விடமாட்டா சேர்.”

ஊரில் வேன்காரர்களும் அவளை அக்காவாகப் பாவித்து ராத்தா என்றும், வாத்தியாரான என்னைச் சேர் என்றும் அழைத்தார்கள்.

“ராத்தா இல்லையே” என்றேன். அவள் போன பிறகு அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் குழாயை இறக்கினார்.

மூன்று வாரங்கள் தண்ணீர் தடையின்றி வந்தது. ஷாம்பு நுரைக்கவில்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார். ஷாம்பு மலிவானது என்றேன். காய்ந்த கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். இன்னொரு முறை துடைக்கச் சொன்னேன். அவர் வீட்டிலிருந்து போத்தலில் தேத்தண்ணி கொண்டுவருபவர். கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்தவன் நான் ஒருவன்தான்.

மாம்புரியைச் சேர்ந்த வேன்காரர் ஒருவர், ஏறக்குறைய என் வயதுடையவர், தன் வேன் மேடையில் இருந்த நேரத்தில் என்னருகே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்ததும் பக்கத்து மணலில் துப்பினார்.

“யா அல்லாஹ்! சேர், கடலக் காய்ச்சியா தாறீங்க?”

“ஏன்?”

“ஏனா? உப்பு சேர், உப்பு! நீங்க பாதிக் கோப்ப குடிச்சிட்டீங்களே!”

என் கோப்பையைப் பார்த்தேன். உண்மைதான், பாதி முடிந்திருந்தது. மறுபடியும் ஒரு மிடறு வைத்துப் பார்த்தேன். சூடு தெரிந்தது, உப்புத் தெரியவில்லை.

அவர் கேலியை நிறுத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “எத்தன நாளா இதக் குடிக்கிறீங்க?”

மேடையின் கீழே ஒயில் தூரிகை அசைவதைக் கண்டு, “பூச வேண்டாம்!” என்று கத்தினேன். வகுப்பறையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

நடந்தது எளிமையானது. மூன்று வாரங்களாக உப்புநீரால் கழுவி, அந்த உப்பின் மேலேயே ஒயிலைப் பூசி, அதை உள்ளே வைத்து மூடியிருந்தோம். காவல் என்று நான் பூசியது பூட்டாகிவிட்டது. அறியாத ஒருவர் இதைச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நான் அறிந்தவன்.

வேலை செய்பவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாங்க சொல்லாட்டி ஆருக்கும் தெரியாது சேர். துரு பிடிச்சா, கடற்கரை வேன் தானே என்டுதான் நினைப்பாங்க.”

மாம்புரிக்காரர் என்னைப் பார்க்கவில்லை. “நான் வாயத் தொறக்க மாட்டன். ஆனா எங்கட வேனெல்லாம் லீசிங்ல ஓடுது சேர். சட்டம் உளுத்தா, வேன் போனதுக்குப் பொறகும் தவணை கட்டணும்.”

அந்த இடத்துக்கு நாங்கள் ஒரு பெயர்ப்பலகையும் தொங்கவிட்டதில்லை. ‘ராத்தாட தண்ணி’ என்றால் கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை தெரியும். சொன்னால் அந்தப் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அந்தப் பெயரை வைத்து நான் ஏமாற்றியவனாவேன். நிலமும் கிணறும் தவிர அவள் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான். அன்று முழுவதும் மோட்டாரை நிறுத்தி வைத்தேன்.

யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. எல்லாம் அவளுடைய கைபேசியில் இருந்தன. அலுமாரியில் துணிகளுக்கிடையே கிடந்த அதை எடுத்து மின்னேற்றினேன். அவள் ஆட்களைப் பெயரால் பதிந்திருக்கவில்லை. ‘பச்ச வேன் பல்லு வலி’, ‘ரெண்டு பொம்புளப் புள்ள’, ‘கதவு அடிக்கிறவன்’ என்று இருந்தன. வேலை செய்பவர் பக்கத்தில் இருந்து, ஒவ்வொருவரும் யாரென்று சொன்னார். மூன்று வாரங்களுக்குள் வந்துபோனவர்கள் இருபத்திரண்டு பேர்.

மறுநாள் காலை அதிலிருந்தே முதல் இலக்கத்தை அழைத்தேன். நெடுநேரம் ஒலித்து ஓய்ந்தது. இரண்டாவது எடுக்கப்பட்டது, பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மிக மெதுவாக ஒரு குரல்: “ராத்தா?”

அப்போதுதான் நான் செய்திருப்பது விளங்கியது. அவர்களின் திரையில் தெரிவது என் பெயர் அல்ல.

“நான் சேர் கதைக்கிறேன்.”

“அல்லாஹ்வே! சேர், எனக்கு உசுரு போய் வந்திச்சு. வேன ஓரத்துல நிப்பாட்டிட்டன்.”

நடந்ததைச் சொன்னேன். குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. அவர் சொன்னார்: “ஏசணும் போலதான் இரிக்கி. இந்த நம்பரப் பாத்ததுக்குப் பொறகு வாய் வருதில்ல. எப்ப கொண்டு வரட்டும்?”

மற்றவர்களை என் கைபேசியிலிருந்து அழைக்கலாம். அப்படிச் செய்தால் அந்த அதிர்ச்சியிலிருந்து அவர்கள் தப்புவார்கள். ஆனால் அவர்களுடைய ஏச்சிலிருந்து நான் தப்பமாட்டேன். மூன்றாவது அழைப்பிலிருந்து அவ்வாறே செய்தேன். எலுவன்குளத்திலிருந்து காடு பார்க்க வருபவர்களுக்கு ஜீப் ஓட்டுபவர் என்னை விட்டுவைக்கவில்லை.

“படிச்ச மனிசன் செய்ற வேலயா சேர் இது?”

“இல்லை” என்றேன்.

“அப்ப எதுக்குச் செஞ்சீங்க?”

அவர் வைத்துவிட்டார்.

பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் வரவழைத்தோம். டீசல் தோய்த்த துணியால் ஒயிலைக் கரைத்து எடுத்து, அடியைத் திரும்பக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, புதிதாகப் பூசினோம். மூட்டுகளைத் துடைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். குனிந்து நுழைவது முதுகுக்குக் கடினமாக இருந்தது. சில வேன்களில் துணி சுத்தமாக வந்தது. சிலவற்றில் செம்மஞ்சள் துரு படிந்து வந்தது. அதை உரியவரிடம் காட்டினேன். குழாயைப் பழைய மட்டத்துக்கு உயர்த்தியாயிற்று. தண்ணீர் குறைந்த நாட்களில் இப்போது மூன்று வேன்களோடு நிறுத்திவிடுகிறோம். ருசி பார்ப்பது வேலை செய்பவரின் பொறுப்பு.

இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வந்தார்கள். ஜீப்காரர் வரவில்லை. மற்ற நால்வரும் வேறிடத்தில் கழுவுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

வந்தவர்கள் நேரம் கேட்டு அழைப்பது இன்னும் பழைய இலக்கத்துக்குத்தான். என் இலக்கத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அதற்கு ஒருவரும் அழைப்பதில்லை. ஆகவே அவளுடைய கைபேசியை நாள்தோறும் மின்னேற்றி, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது ஒலிக்கும். நான் எடுத்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய தயக்கம் இருக்கும். நானும் அவசரப்படுவதில்லை. பிறகு குரல் வரும்: “சேர், நாளைக்குக் காலம்பொற வரட்டா?”

“ஓம், வாருங்கள்” என்கிறேன்.