கொலைக்கு ஒன்ஸ்மோர்

பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேப்பாங்க. விசில் பறக்கும், நானும் ரீலைத் திருப்பிச் சுத்தி மறுபடி ஓட்டுவேன். எழுபதுகள்ல தூத்துக்குடியில சினிமாக் கொட்டகை ஆப்பரேட்டரா இருந்த எவனுக்கும் அது ஒரு பெருமை. கொலைக்கு ஒன்ஸ்மோர் கேட்டவன் ஒருத்தன்தான். அவனுக்கும் ஓட்டினேன், பாவி.

ஹார்பர்ல மூட்டை தூக்குறவன் அவன். என் வயசு. எங்க கொட்டகையில ஒரு பேய்ப்படம் நாலு வாரமா ஓடிச்சு. காலையில நான் மிஷினைத் துடைச்சு ரீல் சரிபார்க்கிற நேரத்துக்கு வருவான். கப்பல்ல வந்த சிகரெட் பாக்கெட் ஒண்ணை எடுத்து வைப்பான். "ஏலே, அந்த இடத்தை மட்டும் போடு." அந்த இடம்னா, பேய் கழுத்தை நெரிச்சுக் கொல்லப் பின்னால வர, ஒரு பொண்ணு திரும்பிப் பார்த்து அலறுற இடம். காலிக் கொட்டகையில ஒத்தையா உக்காந்து பார்ப்பான். முதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும். ஆனா சிகரெட் ருசி விடலை.

அந்த மாசம் ஊரே நடுங்கிக் கிடந்தது. உப்பளத்து வேலைக்குத் தனியாப் போன ரெண்டு பொம்பளைங்களை எவனோ கழுத்தை நெரிச்சு முள்ளுக்காட்டுல போட்டிருந்தான். ரெண்டாவது பொணத்தை எடுத்த மறுநாளும் இவன் வந்தான். மூணு தடவை ஓட்டச் சொன்னான். அப்புறம் சலிச்சுக்கிட்டு, "பூரா பொய்லே. இப்படியா கத்துவாளுவ? சத்தமே வராது"ன்னான்.

பொய் சொல்லுவானேன், கொன்னது இவன்தான்னு எனக்கு அப்பவே புரிஞ்சிட்டு. "உனக்கு எப்படிலே தெரியும்"னு கேக்காம ரீலைச் சுத்தி டப்பாவுல வச்சேன். போலீஸ்கிட்ட போனா அவன் இங்கன எதுக்கு வந்தான்னு கேப்பாங்க. கள்ள சிகரெட்டுக்கு என்னையும் உள்ள வைப்பாங்க. எட்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

ஒன்பதாம் நாள், கொட்டகை வாசல்ல பனங்கிழங்கு அவிச்சு விக்கிற அக்காவைக் கொன்னுட்டான். ஓடும்போது மாட்டினான்.

படம் பார்த்துக் கெட்டுப்போயிட்டான்னு ஊரே சொல்லிச்சு. மாதா கோயில் சாமியார் பிரசங்கத்துல சினிமாவைக் கிழிகிழின்னு கிழிச்சார். பழி படத்து மேல விழுந்தது எனக்குத் தோதாப் போச்சு, நானும் தலையாட்டினேன். அதே படத்தை எத்தனை ஆயிரம் பேர் பார்த்துட்டுப் போயி, சோறு தின்னுட்டுத் தூங்கினாங்க! அவன் அதைப் பார்த்துக் கொலை கத்துக்கலை. தன் கையில சத்தமில்லாம செத்தவங்க அலறுனா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் வந்தான். அந்தப் பசிக்குத் தீனி போட்டுப் போட்டு அனுப்பினது நான்.

அந்த அக்கா புருஷன் கடல்ல சங்கு குளிக்கிறவர். அடக்கம் முடிஞ்ச மறுவாரம் என் மிஷின் ரூமுக்குப் படியேறி வந்தார். "தம்பி, அவன் உங்ககிட்ட பழகினவனாமே. முன்னாடியே ஏதாவது சொன்னானா? தெரிஞ்சிருந்தா அவளை வெளிய விட்டிருக்க மாட்டேனே."

"ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி"ன்னேன்.

அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நீங்கள்லாம் இருக்கீங்கன்னுதான் தைரியமா அந்த வாசல்ல உக்காந்திருந்தா."

நான் உடைஞ்சு அழுதுட்டேன். அவர்தான் என்னைத் தேத்தினார்.